சூடிய பூவும் சாத்திய பூவும்: தமிழகத்துச் சோலையின்பத்தின் வரலாறு

மலரைக் கண்ட மாத்திரத்தில் மனம் மகிழ்வது மனித சுபாவம் என்று சொல்லி அமைந்துவிடுவது எளிது. ஆனால் அம்மகிழ்ச்சி எல்லாக் காலத்தும் ஒரே வழியில்தான் வெளிப்பட்டதா என்று கேட்டுப் பார்த்தால், விடை அத்துணை எளிதாக இல்லை. தமிழகத்து இலக்கியங்களையும் கல்வெட்டுக்களையும் பிற்காலத் தோட்டங்களின் வரலாற்றையும் ஒருசேர வைத்து நோக்கும்போது, பூவைச் சார்ந்து மூன்று வினைச்சொற்கள் ஒன்றன்பின் ஒன்றாகத் தலைமை பெறுவதைக் காண்கிறோம். அவை சூடுதல், சாத்துதல், காணுதல் என்பன. இம்மூன்று சொற்களின் வழியே, சோலையிலிருந்து நந்தவனத்துக்கும், நந்தவனத்திலிருந்து பூங்காவுக்கும் நம் முன்னோரின் ஆனந்தம் நடந்து வந்த பாதையை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

சூடிய பூ

சங்க காலத்துத் தமிழர் தம் நிலத்தைப் பகுத்தபோது மலையென்றும் காடென்றும் வயலென்றும் பெயரிட்டு நிறுத்தாமல், குறிஞ்சி, முல்லை, மருதம், நெய்தல், பாலை எனச் செடிகொடி மரங்களின் பெயராலேயே அவற்றை வழங்கினர். காதலுக்கு மட்டுமன்றிப் போருக்கும் பூவே குறியாயிற்று: ஆநிரை கவர்ந்தவன் வெட்சி சூடினான், பகைவர் மேற்சென்றவன் வஞ்சி சூடினான், வென்றவன் வாகை சூடினான். சேரனுக்குப் பனம்பூ, சோழனுக்கு ஆத்தி, பாண்டியனுக்கு வேம்பு என்று மூவேந்தரையும் அவரவர் தலையிலிருந்த பூவால் அறிந்த சமுதாயம் அது.

இக்காலத்து இன்பத்தின் இயல்பை அறியக் கபிலர் இயற்றிய குறிஞ்சிப்பாட்டைப் பார்த்தால் போதும். தினைப்புனம் காத்த தலைவியும் தோழியும் அருவியில் ஆடி, கூந்தலின் ஈரம் புலர்த்தி, மலைச்சாரலெங்கும் திரிந்து பறித்த தொண்ணூற்றொன்பது பூக்களைக் கழுவிய பாறைமேல் குவிக்கிறார்கள்; பிறகு தழையுடை தைத்து இடையில் அணிந்து, கூந்தலிலும் மாலைகளைச் சூடிக்கொள்கிறார்கள். அம்மலைச்சாரல் ஒருவர் நட்டு வளர்த்த தோட்டமன்று; பறிப்பதற்கு அனுமதியும் வேண்டுவதில்லை. இயற்கையை அவர்கள் எட்ட நின்று பார்க்கவில்லை. மெய்யோடு சேர்த்து அணிந்துகொண்டார்கள்.

நட்டு வளர்த்த மரத்தைப் பற்றிய நற்றிணைப் பாட்டு ஒன்றும் இங்கே நினைக்கத் தக்கது. சிறுமியர் விளையாட்டாக வெண்மணலில் அழுத்தி மறந்துபோன புன்னை விதை முளைத்து விடுகிறது. அதற்கு நெய்யும் பாலும் வார்த்து வளர்க்கிறார்கள். அந்தப் புன்னை உங்களுக்குத் தங்கை, உங்களைக் காட்டிலும் சிறந்தவள் என்று அன்னை சொல்லிவிடுகிறாள். அதனால், வளர்ந்த பின்னும் அம்மரத்தின் நிழலில் காதலனோடு நகையாட நாணமாக இருக்கிறது என்கிறார்கள். நட்ட மரம் உடைமையாகாமல் உறவாகிவிட்ட இந்த மனநிலையே தமிழகத் தோட்டக்கலையின் தொடக்கம் என்று கொள்வதில் பிழையில்லை.

கண்ணீர் பட்ட மாலை

சூடும் பூ சாத்தும் பூவாக மாறிய காலத்துக்கு மணிமேகலைக் காப்பியம் சான்று தருகிறது. மாலை தொடுத்துக்கொண்டிருந்த மணிமேகலை, தன் தந்தை கோவலனும் கண்ணகியும் பட்ட துயரத்தைக் கேட்டுக் கலங்க, அவள் கண்ணீர் மாலையின்மேல் விழுந்து அதன் தூய்மையைக் கெடுத்துவிடுகிறது; ஆதலால் புதுமலர் கொய்து வரும்படி மாதவி கூறுகிறாள். அவ்வாறு பூக்கொய்யச் சென்ற உவவனத்தில் காதற்குறியிடம் இல்லை. பளிக்கறை மண்டபமும் பதுமபீடிகையும் இருக்கின்றன. குறிஞ்சிப்பாட்டின் மகளிர் உடலில் அணிந்து மகிழ்ந்த பூ, இங்கே மனிதரின் ஒரு துளிக் கண்ணீர் பட்டதற்கே தகுதியிழந்து போகிறது. பூவுக்கு உரியவர் மாறிவிட்டார் என்பதை இதனினும் நுட்பமாகக் காட்டும் நிகழ்ச்சி வேறு கிடைப்பது அரிது.

சாத்திய பூ

பக்தி இயக்கம் பரவிய நூற்றாண்டுகளில் இம்மாற்றம் முழுமை பெறுகிறது. இந்திரனுடைய நந்தனவனத்தை நினைவூட்டும் 'நந்தவனம்' என்ற சொல் கோயில் தோட்டத்துக்கு உரியதாயிற்று. ஸ்ரீவில்லிபுத்தூரில் வடபத்திரசாயிக்கு மாலை கட்டிய பெரியாழ்வாரும், திருவரங்கத்தில் துளபத் தொண்டு புரிந்த தொண்டரடிப்பொடியாழ்வாரும், திருப்புகலூரில் பூக்கொய்து தொடுத்த முருக நாயனாரும் தோட்ட வேலையையே மோக்ஷ சாதனமாகக் கொண்டவர்கள். பின்னர், இராமாநுஜரின் ஆணையை ஏற்றுத் திருமலை சென்று நந்தவனம் அமைத்த அனந்தாழ்வானுடைய கடப்பாரை, இன்றும் அக்கோயிலின் வாயிலில் தொங்குகிறது. மண்வெட்டிய கருவி ஒன்று கோயில் வாயிலில் வைத்துப் போற்றப்படுவது, தோட்டக்காரனின் உழைப்புக்கு இந்நாடு அளித்த பெருமதிப்பையே காட்டுகிறது.

இக்காலத்து இன்பம் அடக்கத்தால் வளர்ந்த இன்பம். திருவாரூரில் பூமண்டபத்தின் அருகே விழுந்து கிடந்த ஒரு மலரை எடுத்து மோந்ததற்காகப் பட்டத்தரசியின் மூக்கைச் செருத்துணை நாயனார் அரிந்தார் என்றும், அதைக் கேட்ட மன்னர் கழற்சிங்கர், முதலில் மலரை எடுத்தது கையன்றோ என்று அவள் கையையும் துணித்தார் என்றும் பெரியபுராணம் கூறும். கேட்கும்போதே நெஞ்சு நடுங்கும் இவ்வரலாற்றை நியாயப்படுத்த நாம் முற்பட வேண்டியதில்லை. ஆனால், மணம் இன்னதென்று அறியாமலே பூவைப் பறித்துத் தொடுத்துக் கொடுப்பதில் ஒரு தலைமுறை பேரானந்தம் கண்டது என்பதற்கு இது கடுமையான சாட்சி.

இந்த நியதியை மீறியும் போற்றப்பட்டவள் ஆண்டாள் ஒருத்தியே. இறைவனுக்கென்று தந்தை கட்டிவைத்த மாலையைத் தான் முதலில் சூடி அழகு பார்த்தவளுக்குச் 'சூடிக்கொடுத்த நாச்சியார்' என்பதே பெயராயிற்று. அவள் சூடிக் களைந்த மாலை ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து திருமலைப் பிரம்மோற்சவத்துக்கு இன்றும் செல்கிறது. சங்ககால மகளின் சூடுதலையும் பக்திக் காலத்தின் சாத்துதலையும் ஒரே மாலையில் இணைத்துவிட்ட அற்புதம் என்றே இதனைச் சொல்லவேண்டும்.

அடியார்களின் ஆர்வமாகத் தொடங்கிய இக்கைங்கரியம் சோழர் காலத்தில் நிர்வாக அமைப்பாக உருப்பெற்றது. திருநந்தவனத்துக்கு விட்ட நிலம், அதில் உழைப்பவர்க்கு வாழ்வுக்காக அளித்த நெல், இறைவனுக்குரிய மாலையாகிய திருப்பள்ளித்தாமம், செங்கழுநீர் வளர்க்கும் ஓடை ஆகியவை பற்றிய செய்திகள் கோயிற் சுவர்களில் நிரம்ப உள்ளன. போர் வெற்றியைப் பொறித்த அதே கல்லில், சந்திர சூரியர் உள்ளவரை பூச்செடிக்கு நீர் பாயவேண்டும் என்பதையும் பொறித்து வைத்தார்கள்.

காணும் பூ

பத்தொன்பதாம் நூற்றாண்டில் மூன்றாவது மாற்றம் நிகழ்கிறது. சென்னையில் டாக்டர் ராபர்ட் வைட் முயற்சியால் 1835ஆம் ஆண்டு வேளாண் தோட்டக்கலைச் சங்கம் தோன்றிற்று. உதகமண்டலத்தில், ஆங்கிலேயக் குடியிருப்பாளர் காய்கறிக்காக ஏற்படுத்திய சிறு தோட்டத்தைத் தொடர்ந்து, 1848இல் வந்த வில்லியம் கிரஹாம் மக்கைவர் என்ற தோட்டக்கலை வல்லுநர், மேலே காடும் கீழே சதுப்புமாகக் கிடந்த சரிவைத் திருத்தித் தாவரவியற் பூங்காவாக்கினார். நீலகிரியில் சிங்கோனாப் பயிரை வளர்க்கும் பொறுப்பும் பின்னர் அவரிடமே வந்தது என்பதிலிருந்து, அழகும் வாணிபப் பயனும் அத்தோட்டங்களில் கைகோத்து நின்றமை விளங்கும். 1874இல் குன்னூரில் சிம்ஸ் பூங்கா எழுந்தது.

இப்பூங்காக்களில் பூ சூடுவதற்கும் உரியதன்று, சாத்துவதற்கும் உரியதன்று. அது பாத்தியிலேயே பூத்து, பாத்தியிலேயே உதிரும். பார்ப்பவரின் கண்ணே அதன் எல்லை. கோடையில் உதகையில் நடைபெறும் விழாவுக்கு 'மலர்க்காட்சி' என்று அமைந்த பெயரே இப்புதிய இன்பத்தின் இலக்கணத்தைச் சொல்லிவிடுகிறது.

கவிதையிலும் இதற்கு இணையான மாற்றம் தோன்றியது கவனிக்கத்தக்கது. புதுவையில் வாழ்ந்த பாரதியாருக்கு ஒரு மாந்தோப்பு குயில்பாட்டாக மலர்ந்தது. சங்கப் பாடல்களில் கருப்பொருளாக நின்று மனித உணர்ச்சிக்குப் பின்னணி வகுத்த இயற்கை, பாரதிதாசனின் 'அழகின் சிரிப்பில்' கடல், தென்றல், காடு, குன்றம், ஆல் எனத் தானே பாட்டுடைத் தலைமை பெறுகிறது. கண்டு மகிழ்வதே போதும் என்ற நிறைவு தமிழ்க் கவிதைக்கும் உரியதாயிற்று.

முடிவுரை

மேலே கூறியவற்றால், ஒரு காலம் மற்றொரு காலத்தை அடியோடு அழித்துவிட்டதாகக் கருதுவது பொருந்தாது. உதகைப் பூங்காவின் பாத்தியோரத்தில், 'மலர்களைப் பறிக்காதீர்' என்ற பலகைக்கு இப்பால், கையைப் பின்னே கட்டிக்கொண்டு ஒரு ரோஜாவைக் குனிந்து பார்க்கும் மூதாட்டியைச் சற்றே கவனித்தால் இது விளங்கும். அவர் கண் ரோஜாவைக் காண்கிறது. கொண்டையில் காலையில் சூடிய மல்லிகைச் சரம் இருக்கிறது. முந்தானை முடிச்சிலோ, வரும் வழியில் ஏதோ ஒரு கோயிலில் சாமிக்குச் சாத்திக் களைந்து கொடுத்த பூ வாடாமல் பத்திரமாக இருக்கிறது.