தாய்மாரைக் காத்தது எது?

பிள்ளைப்பேறு மறுபிறப்பு என்பர் நம் மூதாட்டியர். அஃது அலங்கார வார்த்தையன்று, அனுபவத்தின் கணக்கு. 1930களில் இலங்கையில் ஒரு இலட்சம் பிறப்புகளுக்கு 2,000க்கு மேற்பட்ட தாய்மார் மாண்டனர். 1950இல் இத்தொகை 600க்கும் கீழே இறங்கிற்று. நாடு திடீரெனச் செல்வத்திற் கொழித்ததாலா இம்மாற்றம் நேர்ந்தது? இல்லை.

கொழும்பில் த சொய்சா பிரசவ விடுதி 1879இலேயே திறக்கப்பட்டது. இணுவிலில் மக்லியொட் மகளிர் வைத்தியசாலை 1898இல் எழுந்தது. இவற்றின் பணியை நாம் குறைத்துக் கூறோம். ஆயினும் தனவந்தரின் கொடையும் மிஷனரிமாரின் இரக்கமும் வாயிலை எட்டியவர்க்கே பயன்பட்டன. பாதையற்ற கிராமத்திலே குருதிப் பெருக்கால் துடித்தவள் அவ்வாயிலைக் கண்டதில்லை.

1926இல் களுத்துறையில் முதலாவது சுகாதாரப் பகுதி அமைந்தது. அதன்பின், வைத்தியம் வீடுதேடி நடக்கக் கற்றுக்கொண்டது. பயிற்சி பெற்ற மருத்துவமாது கர்ப்பிணியைப் பதிந்தாள். குடிசைக்குச் சென்று பார்த்தாள். ஆபத்தின் குறி தெரிந்ததும் வைத்தியசாலைக்கு அனுப்பினாள்.

இம்முறை நாடெங்கும் பரவியதன் காரணம் யாது? 1931இல் ஆணுக்கும் பெண்ணுக்கும் கிடைத்த வாக்குரிமையை முதற்கண் கூறவேண்டும். வாக்குக் கேட்டு வந்தவர், ஊருக்கு வைத்தியசாலை எங்கே என்ற கேள்விக்கும் விடைகூற வேண்டியவரானார். 1934-35 மலேரியாக் கொள்ளைநோயோ கிராமத்தின் பட்டினியை அம்பலமாக்கியது. நிவாரணத்திற்குச் சென்ற சூரியமல் இயக்கத்து இளைஞர் அதனை நேரிற் கண்டனர். பின்னர் டீ.டீ.ரீ.யும் பெனிசிலினும் வந்தன. அவற்றின் பயனை ஏழையிடம் சேர்க்கும் பாதை அதற்குள் போடப்பட்டிருந்தது.

இக்கூற்றுக்குச் சான்று மலையகம். தோட்டத் தொழிலாளரின் வாக்குரிமை 1931இலேயே கட்டுப்படுத்தப்பட்டது. 1948இன் குடியுரிமைச் சட்டத்தையும் 1949இன் தேர்தற் சட்டத்தையும் தொடர்ந்து பெரும்பாலோர் அதனை முற்றாகவே இழந்தனர். வைத்தியம் தோட்ட நிர்வாகத்தின் பொறுப்பாகவே நீடித்தது. அரசாங்க மருத்துவமாது ஊர்க் குடிசைகளுக்குச் சென்ற காலத்தில், தேயிலை பறித்து நாட்டுக்குச் செல்வம் ஈட்டியவள் லயத்து அறையிலே துரைமாரின் தயவை எதிர்நோக்கிக் கிடந்தாள். தோட்டப்புறத்துச் சிசு மரணம் பல தசாப்தங்களாக நாட்டின் சராசரியிலும் உயர்ந்தே நின்றது.

2019இல் நாட்டின் தாய் மரணம் இலட்சத்துக்கு 40க்கும் கீழ் நின்றது. பெருமைதான். ஆனால் சராசரி என்ற போர்வை மேடுபள்ளங்களை மறைக்கும். ஆகவே ஆசிரியரும் மாணவரும் கேட்கவேண்டிய கேள்வி ஒன்றுண்டு: எந்தத் தாய் இன்னும் வாயிலுக்கு வெளியே நிற்கிறாள்? அவளுக்கு வேண்டியது இரக்கமன்று, உரிமை. வரலாறு நமக்குக் கற்பிப்பது இதுவே.