டால்ஸ்டாய் பண்ணை

டால்ஸ்டாய் பண்ணை, தென்னாப்பிரிக்காவில் ஜோகனஸ்பர்க்கிலிருந்து 21 மைல் தொலைவில், லாலி ரயில் நிலையத்துக்கு அருகே 1910 முதல் 1913 வரை இயங்கிய கூட்டு வேளாண் குடியிருப்பு. காந்தியும், அவருடைய நண்பரான யூதக் கட்டடக் கலைஞர் ஹெர்மன் கல்லென்பாக்கும் இதைத் தொடங்கினர்.

உடலுழைப்பால் வாழும் சமூகம் ஒன்றை அமைக்கும் முயற்சியைக் காந்தி 1904-லேயே டர்பனுக்கு அருகே பீனிக்ஸ் குடியிருப்பில் தொடங்கியிருந்தார். ரயில் பயணத்தில் படித்த ரஸ்கினின் நூல் அதற்குத் தூண்டுகோல். டால்ஸ்டாய் பண்ணையோ நெருக்கடியில் பிறந்தது. ஆசியர் பதிவுச் சட்டத்தை எதிர்த்துச் சிறை சென்றோரின் குடும்பங்களுக்கு மாதந்தோறும் பணம் கொடுத்து வந்ததில் போராட்ட நிதி கரைந்தது. குடும்பங்களை ஒரே இடத்தில் குடியமர்த்தினால் செலவு குறையும். கல்லென்பாக் தம்முடைய 1,100 ஏக்கர் நிலத்தை வாடகையின்றி அளித்தார். அங்கே ஏறத்தாழ ஆயிரம் பழமரங்களும் இரண்டு கிணறுகளும் ஓர் ஊற்றும் இருந்தன. தங்குவதற்கு ஒரே ஒரு சிறு வீடுதான். பெண்களுக்கும் ஆண்களுக்கும் தனித்தனியே தகரக் கொட்டகைகள் எழுந்தன.

வேலைக்காரர் கிடையாது. சமையல் முதல் கழிப்பிடச் சுத்தம் வரை எல்லாம் அவரவர் கையால். மலத்தைக் குழியில் இட்டு மண்ணால் மூடி எருவாக்கினர். சாதியைத் தொட்ட வேலை என்பதால் இந்த விதி மற்றெல்லாவற்றையும்விட ஆழமானது. கோதுமையைத் திரிகையில் அரைத்து ரொட்டி சுட்டனர். மதுவும் புகையிலையும் விலக்கு. இந்து, முஸ்லிம், பார்சி, கிறித்தவர் எல்லாருக்கும் ஒரே சைவச் சமையலறை. ரமலானில் முஸ்லிம் சிறுவர்களுடன் மற்றவர்களும் நோன்பிருந்தனர். சொந்த வேலையாக நகரத்துக்குப் போவோர் நடந்தே போய்வர வேண்டும். போக வர 42 மைல். டிராப்பிஸ்ட் துறவிகளிடம் செருப்புத் தைக்கக் கற்றுவந்த கல்லென்பாக் அதைக் காந்திக்கும், காந்தி மற்றவர்களுக்கும் கற்பித்தனர்.

காலையில் தோட்ட வேலை, பிற்பகலில் பள்ளி. உழைத்த களைப்பில் மாணவரோடு ஆசிரியரும் தூங்கி வழிந்ததுண்டு. மாணவரில் பலர் தென்னாப்பிரிக்காவில் பிறந்த தமிழ்ப் பிள்ளைகள். பேசுவார்கள், எழுத்து தெரியாது. கப்பல் பயணத்திலும் சிறையிலும் ஜி. யு. போப்பின் தமிழ்க் கையேட்டைக் கொண்டு கற்ற தமிழை வைத்துக் காந்தி அவர்களுக்கு எழுத்தும் எளிய இலக்கணமும் சொல்லிக்கொடுத்தார். ஆங்கிலம் அறியாத தமிழர் அவரைப் பார்க்க வந்தால் மொழிபெயர்த்தவர்கள் அந்தப் பிள்ளைகளே.

விளைச்சலைக் கொண்டு எடைபோட்டால் பண்ணை தேறாது. அதன் நிலம் இரவல், மக்கள் வந்து போனவர்கள், செலவுக்கு அக்கால இந்தியத் தொழிலதிபர் ரத்தன் டாடா உள்ளிட்டோரின் நன்கொடையும் வேண்டியிருந்தது. பண்ணை விளைவித்தது பயிற்சி பெற்ற மனிதர்களை. 1912-இல் இந்தியத் தலைவர் கோகலேயின் வருகைக்குப் பின் போராட்டம் தணிந்ததாகத் தோன்றவே குடும்பங்கள் வீடு திரும்பின. 1913 தொடக்கத்தில் காந்தியும் பீனிக்ஸுக்குத் திரும்பினார்.

அதே ஆண்டு அக்டோபரில், பண்ணையில் வாழ்ந்திருந்த தமிழ்ப் பெண்கள் நியூகாசில் நிலக்கரிச் சுரங்கங்களுக்குச் சென்று, ஒப்பந்தக் காலம் முடிந்த இந்தியர்மீது விதிக்கப்பட்ட மூன்று பவுண்டு தலைவரியை எதிர்த்து வேலையை நிறுத்தும்படி ஒப்பந்தத் தொழிலாளரிடம் பேசினர். வேலைநிறுத்தம் ஆயிரக்கணக்கானோரிடம் பரவியது. அந்த வரி 1914-இல் நீக்கப்பட்டது.