சி. சுப்பிரமணியம் என்று எத்தனை பேர்?

சென்ற மாதம் நம் வளாகத்தில் நடந்த ஒரு சின்ன விஷயத்திலிருந்து ஆரம்பிக்கிறேன். பி பிளாக்கில் ஒருவருக்கு வர வேண்டிய ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட், டி பிளாக்கில் வேறொருவர் வீட்டு வாசலில் மூன்று நாள் கிடந்தது. இருவர் பெயரும் சுப்பிரமணியன். செக்யூரிட்டி தம்பியைக் குறை சொல்லிப் பயனில்லை. நம் சங்கத்தின் பட்டியலை எடுத்துப் பார்த்தால் சுப்பிரமணியன், சுப்ரமணியம், சுப்பிரமணி என்று ஐந்து பேர் இருக்கிறார்கள். அதில் இரண்டு பேருக்கு இனிஷியலும் ஒன்று.

இந்தப் பெயரோடு எனக்கு ஒரு பழைய கணக்கு உண்டு. நான் வங்கியில் கிளார்க்காகச் சேர்ந்த புதிது. கம்ப்யூட்டர் கிடையாது. ஒவ்வொரு சேமிப்புக் கணக்குக்கும் லெட்ஜரில் ஒரு ஃபோலியோ. வவுச்சரைப் பார்த்து, பக்கத்தைத் திருப்பி, கையால் வரவு எழுத வேண்டும். எங்கள் கிளையில் சி. சுப்பிரமணியன் என்று இரண்டு பேர். ஒருவர் ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர். மற்றவர் மரக்கடை வைத்திருந்தவர். ஆசிரியருக்கு வந்த பென்ஷன் அரியர்ஸை நான் மரக்கடைக்காரர் பக்கத்தில் எழுதிவிட்டேன். அவர் 'ஏதோ பாக்கி வசூலாகியிருக்கிறது' என்று நினைத்துப் பணத்தை எடுத்துவிட்டார். இரண்டு நாள் கழித்து, ஆசிரியர் தன் மகளின் கல்லூரிக் கட்டணத்துக்குக் கொடுத்த செக் பணமில்லை என்று திரும்பியது.

அந்த மனிதர் கவுண்டருக்கு வந்து சத்தம் போடவில்லை. கம்பிக்கு அந்தப் பக்கம் நின்று, "சார், நான் இதுவரை யாருக்கும் கொடுத்த செக் திரும்பினதில்லை" என்று மட்டும் சொன்னார். மேனேஜர் என்னைக் கூப்பிட்டுப் பேசியதைவிட அதுதான் சுருக்கென்று இருந்தது. கல்லூரிக்குக் கடிதம் எழுதிக் கொடுத்து, மரக்கடைக்காரரிடம் பணத்தைத் திரும்ப வாங்கி, எல்லாம் சரி செய்ய ஒரு வாரம் ஆயிற்று. அதற்குப் பிறகு ஒரு நோட்டுப் புத்தகம் போட்டேன். கிளையில் ஒரே பெயர் கொண்ட கணக்குகளையெல்லாம் அதில் குறித்து வைப்பேன். பின்பக்கத்தில், படிக்கும்போது கண்ணில் படும் பிரபல சுப்பிரமணியங்களையும் எழுதத் தொடங்கினேன். அந்த நோட்டு இன்னும் என்னிடம் இருக்கிறது. இந்தக் கட்டுரை அதிலிருந்துதான்.

முதலில் ஒரு கற்பனை. நம் வளாகத்துக்குப் பக்கத்தில் உள்ள ஏதோ ஒரு கிளையில் மூன்று பேர் கணக்குத் தொடங்க வருகிறார்கள். மூவரும் விண்ணப்பத்தில் ஆங்கிலத்தில் ஒரே இனிஷியலோடு, சி. சுப்பிரமணியம் என்ற ஒரே பெயரைத்தான் எழுதுகிறார்கள். எழுத்துக்கூட்டலில் சின்ன வித்தியாசம் இருக்கலாம், அவ்வளவுதான். யார் இவர்கள்?

ஒருவர் எட்டயபுரத்துக்காரர், சின்னசாமி ஐயரின் மகன், 1882 டிசம்பர் 11-ல் பிறந்தவர். பாரதி என்பது எட்டயபுரத்தில் கிடைத்த பட்டம். அதை எடுத்துவிட்டால் அவரும் ஒரு சி. சுப்பிரமணியன்தான். நாம் பட்டத்தையே பெயராக்கிவிட்டதால் இனிஷியல் மறந்துபோயிற்று.

இரண்டாமவர் பொள்ளாச்சி பக்கம் செங்குட்டைப்பாளையத்தில் 1910 ஜனவரி 30-ல் பிறந்தவர். அப்பா பெயர் சிதம்பரம். 'சி.எஸ்.' என்று நம் வீடுகளில் சொன்னாலே போதும், பெரியவர்களுக்குத் தெரியும்.

மூன்றாமவரை உங்களில் பலர் கேள்விப்பட்டிருக்க மாட்டீர்கள். சந்திரசேகர ஐயரின் மகன். ஆங்கிலேயர் காலத்தில் தணிக்கை மற்றும் கணக்குத் துறை அதிகாரி. வடமேற்கு ரயில்வேயில் பணி செய்ததால் குடும்பம் லாகூரில் இருந்தது. சங்கீதத்தில் ஆழ்ந்தவர், கர்நாடக இசையின் இலக்கணம் பற்றி ஆங்கிலத்தில் புத்தகமே எழுதியவர். தம்பி சர் சி.வி. ராமன். நோபல் பரிசு பெற்ற தம்பிக்கு அண்ணனாக இருந்தால் போதுமே, உலகம் நம்மை மறந்துவிடும். ஆனால் இவர் பெயர் வேறொரு வழியில் உலகம் முழுக்கப் பரவியது. அதைக் கடைசியில் சொல்கிறேன்.

ஒரே இனிஷியல் இப்படி மோதிக்கொள்வதற்குக் காரணம் இருக்கிறது. நம்மில் பலர் வீட்டில் தாத்தா பெயரைத்தான் பேரனுக்கு வைப்பார்கள். பேரன் என்ற சொல்லே பெயரன், அதாவது பெயரைத் தாங்குபவன் என்பதிலிருந்து வந்ததுதானே. முருகன் கோயில் இல்லாத ஊர் நம் பக்கம் உண்டா? ஆகவே ஒவ்வொரு தெருவிலும் ஒரு சுப்பிரமணியன் பிறந்துகொண்டே இருந்தார். அப்பா பெயரும் சிதம்பரம், சின்னசாமி, சந்திரசேகரன் என்று பழக்கமான பெயர்களாகவே இருக்கும். தமிழில் சி, ச என்று கொஞ்சமாவது பிரிகிறது. ஆங்கிலத்தில் எழுதும்போது மூன்றுமே 'சி' ஆகிவிடுகின்றன. இந்தப் பாவத்துக்கு அந்தக் காலத்து கிளார்க்குகளான நாங்கள்தான் பலி.

பாரதியை வேலைக்கு எடுத்தவரும் ஒரு சுப்பிரமணியம் என்பது என் நோட்டில் சிவப்பு மையால் எழுதிய குறிப்பு. ஜி. சுப்பிரமணிய ஐயர். திருவையாற்றில் 1855-ல் பிறந்தவர். 1878 செப்டம்பர் 20-ல் இவரும் ஐந்து நண்பர்களும் சேர்ந்து 'தி ஹிந்து' பத்திரிகையைத் தொடங்கினார்கள். கடன் வாங்கிய முதல் ஒரு ரூபாய் பன்னிரண்டு அணா. அச்சடித்தது 80 பிரதிகள். வங்கியில் நாற்பது ஆண்டு கடன் மனுக்களைப் பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன், இந்தத் திட்டத்துக்கு எந்த மேனேஜரும் கையெழுத்துப் போட்டிருக்க மாட்டார். தமிழில் பத்திரிகை வேண்டும் என்று 1882-ல் 'சுதேசமித்திரன்' தொடங்கியதும் இவரே. 1889-ல், விதவையான தம் மகளுக்கு மறுமணம் செய்து வைத்தார். மகள் அப்போது சிறுமி. உறவும் ஊரும் அவரை ஒதுக்கி வைத்தன. மேடையில் சீர்திருத்தம் பேசுவது ஒன்று, தன் வீட்டில் செய்வது வேறு. இந்த ஒரு காரணத்துக்காகவே என் பட்டியலில் அவருக்கு முதலிடம் தருவேன். நீங்கள் ஒப்புக்கொள்ள வேண்டும் என்பதில்லை.

மதுரையில் பள்ளி ஆசிரியராகச் சில மாதங்களே இருந்த பாரதி, 1904-ல் சுதேசமித்திரனுக்கு உதவி ஆசிரியராக வந்தார். மூத்த சுப்பிரமணியத்துக்கு வயது ஐம்பதை நெருங்கிக்கொண்டிருந்தது. இளையவருக்கு இருபத்திரண்டு கூட நிறையவில்லை. பிற்பாடு அரசியல் வேகத்தில் இருவருக்கும் ஒத்துப்போகவில்லை. ஆனால் பாரதிக்குப் பத்திரிகைத் தொழில் பழகிய இடம் அதுதான்.

1908-ஆம் ஆண்டைப் பாருங்கள். மார்ச் மாதம் வ.உ.சி.யோடு கைதானவர் சுப்பிரமணிய சிவா, வத்தலகுண்டுக்காரர். அவருக்குப் பத்து ஆண்டு தண்டனை விதித்தார்கள், மேல்முறையீட்டில் ஆறாகக் குறைந்தது. ஆகஸ்டில் ஜி. சுப்பிரமணிய ஐயர் குற்றாலத்தில் இருந்தபோது ராஜத்துரோக வழக்கில் கைதானார். உடல்நிலை கெட்டிருந்ததால் உறுதிமொழி எழுதிக் கொடுத்து வெளியே வந்தார். 'இந்தியா' பத்திரிகை மீது வழக்கு வந்ததும் பாரதி புதுச்சேரிக்குப் போனார். பத்து வருடம் அங்கேயே. ஒரே ஆண்டில் மூன்று சுப்பிரமணியங்களின் வாழ்க்கை திசை மாறியது.

சிவாவின் கதைதான் மனதைப் பிசைகிறது. சிறையில் தொழுநோய் தொற்றியது. 1912-ல் வெளியே வந்த பிறகு, நோயைக் காரணம் காட்டி அவர் ரயிலில் போகக் கூடாது என்று அரசாங்கம் தடை போட்டது. மனிதர் நடந்தும் மாட்டு வண்டியிலும் ஊர் ஊராகப் போய்ப் பேசினார். 1925 ஜூலையில் பாப்பாரப்பட்டியில் காலமானார். தர்மபுரி பக்கம் போகிறவர்கள் அந்த ஊரில் அவர் நினைவிடத்தைப் பார்க்கலாம்.

ஜி. சுப்பிரமணிய ஐயரை எஸ். சுப்பிரமணிய ஐயரோடு குழப்பிக்கொள்வது படித்தவர்களுக்கும் நேர்கிறது. இவர் வழக்கறிஞர், நண்பர்களுக்கு 'மணி ஐயர்', சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி. அங்கே தற்காலிகத் தலைமை நீதிபதியாக அமர்ந்த முதல் இந்தியர். 1885-ல் பம்பாயில் கூடிய முதல் காங்கிரஸில் இருந்தவர்களே மொத்தம் 72 பேர். அந்தச் சின்னக் கூட்டத்திலும் இந்த இரண்டு சுப்பிரமணிய ஐயர்கள் இருந்தார்கள்! பின்னாளில், 1917-ல் இந்தியாவுக்குத் தன்னாட்சி கேட்டு அமெரிக்க ஜனாதிபதி வில்சனுக்கு மணி ஐயர் கடிதம் எழுதினார். அதை இந்திய மந்திரி மாண்டேகு கண்டித்தபோது, சர் பட்டத்தையும் திவான் பகதூர் பட்டத்தையும் துறந்தார். அப்போது வயது எழுபதைத் தாண்டிவிட்டது.

இப்போது பொள்ளாச்சிக்காரருக்கு வருகிறேன். 1966-ல் நான் சிறுவன். ரேஷன் கடையில் அமெரிக்கக் கோதுமைக்கு அம்மாவோடு வரிசையில் நின்றது நன்றாக நினைவிருக்கிறது. அந்த ஒரு வருடத்தில் மட்டும் சுமார் ஒரு கோடி டன் தானியம் வெளிநாட்டிலிருந்து கப்பலில் வந்தது. அன்றைய மத்திய உணவு அமைச்சர் சி. சுப்பிரமணியம். மெக்சிகோவிலிருந்து 18,000 டன் விதைக் கோதுமையை வரவழைக்க முடிவு செய்தார். பணமில்லாத நேரத்தில் விதைக்கு அந்நியச் செலாவணியா என்று எதிர்ப்பு. டெல்லியில் தன் அரசு பங்களாவின் புல்வெளியை உழுது அந்தக் கோதுமையைப் போட்டுக் காட்டினார். அடுத்த தேர்தலில், 1967-ல், அவர் தோற்றார் என்பதையும் சொல்லிவிட வேண்டும். விதைத்தவர் வேறு, அறுத்தவர் வேறு.

எழுபதுகளில் அவர் நிதி அமைச்சராக இருந்தபோதுதான், 1975 அக்டோபர் 2-ல், முதல் ஐந்து கிராம வங்கிகள் தொடங்கப்பட்டன. எங்கள் துறைக்கு அது பெரிய மாற்றம். 1998-ல் பாரத ரத்னா. 2010-ல் அவருடைய நூற்றாண்டுக்கு 5 ரூபாய் நாணயம் வந்தது. வீட்டு உண்டியலைக் குலுக்கிப் பாருங்கள், அகப்பட்டால் செலவழித்துவிடாதீர்கள்.

'கே' வரிசையும் சும்மா இல்லை. 'தியாக பூமி' படத்தை 1939-ல் எடுத்த இயக்குநர் கே. சுப்பிரமணியம், பாபநாசத்துக்காரர். பாதுகாப்புத் துறை நிபுணர் கே. சுப்பிரமணியம், திருச்சியில் பிறந்தவர், கார்கில் ஆய்வுக் குழுவின் தலைவர். இருவருக்கும் 'கே' என்றால் கிருஷ்ணசாமி. அப்பா பெயரை விரித்து எழுதினாலும் பிரிக்க முடியாது! அந்தக் காலத்து லெட்ஜரில் இது வந்திருந்தால் நான் வேலையையே விட்டிருப்பேன். இன்னொன்று: பாதுகாப்பு நிபுணர் பிறந்தது 1929 ஜனவரி 19. ஜி. சுப்பிரமணிய ஐயர் பிறந்ததும் ஒரு ஜனவரி 19.

இந்த இரண்டு கே.க்களின் பெயரும் பிள்ளைகளிடம் தொடர்கிறது. இயக்குநரின் மகள் நடனக் கலைஞர் பத்மா சுப்ரமணியம். நிபுணரின் மகன் எஸ். ஜெய்சங்கர், வெளியுறவு அமைச்சர். தொலைக்காட்சியில் அவர் பெயருக்கு முன்னால் வரும் அந்த 'எஸ்' சுப்பிரமணியம்தான்.

இதில் உச்சம், நான் கடைசியில் சொல்வதாகச் சொன்ன கணக்கு அதிகாரி. அவருக்கு 1910 அக்டோபர் 19-ல் லாகூரில் மூத்த மகன் பிறந்தான். வழக்கப்படி தாத்தா பெயரை வைத்தார்கள்: சந்திரசேகர். பையன் படித்தது சென்னை மாநிலக் கல்லூரியில் இயற்பியல். அதே ஆண்டு பிறந்த பொள்ளாச்சி சி.எஸ். படித்ததும் அதே கல்லூரி, அதே இயற்பியல். மகன் ஐ.சி.எஸ். எழுத வேண்டும் என்பது அப்பாவின் விருப்பம். மகன் 1930-ல் இங்கிலாந்துக்குக் கப்பல் ஏறி, வழியிலேயே நட்சத்திரங்களின் முடிவு பற்றிக் கணக்குப் போட ஆரம்பித்தார். சூரியனைப் போல் சுமார் 1.4 மடங்குக்கு மேல் நிறை இருந்தால் ஒரு நட்சத்திரம் வெள்ளைக் குள்ளனாக நிலைக்க முடியாது என்பது அந்தக் கணக்கின் விடை. அதற்கும் பிற ஆய்வுகளுக்குமாக 1983-ல் நோபல் பரிசு வந்தது.

நம் ஊரில் இருந்திருந்தால் அவர் எஸ். சந்திரசேகர். வெளிநாட்டில் இனிஷியலை விரித்து எழுதச் சொல்வார்கள். ஆகவே நோபல் பட்டியலில் அவர் சுப்ரமண்யன் சந்திரசேகர். ரயில்வே கணக்குகளைத் தணிக்கை செய்த ஒரு அப்பாவின் பெயர் அங்கே முதல் பெயராக நிற்கிறது.

ஆசிரியர் விஷயத்தை முடிக்காமல் விட்டுவிட்டேன். செக் திரும்பிய விவகாரம் தீர்ந்த மறு வாரம் அவர் கிளைக்கு வந்தார். ஸ்பெசிமன் கையெழுத்துக் கார்டை மாற்ற வேண்டும் என்றார். புது கார்டில் இனிஷியலை விட்டுவிட்டு, அப்பாவின் பெயரைத் தமிழில் முழுதாக எழுதி, அதற்குப் பிறகு தன் பெயரை எழுதினார். கட்டத்துக்கு வெளியே நீண்டுவிட்டது. "பரவாயில்லையா சார்?" என்று கேட்டார். பரவாயில்லை என்றேன். நான் அந்தக் கிளையிலிருந்து மாற்றலாகிப் போகும்வரை, அவருடைய ஒவ்வொரு செக்கிலும் அந்த நீளக் கையெழுத்துதான்.

நம் வளாகத்துச் சுப்பிரமணியன்கள் ஐவரும் அலுவலகத்தில் வைத்திருக்கும் பதிவேட்டில் அப்பா பெயரை முழுதாக எழுதித் தரும்படி கேட்டுக்கொள்கிறேன். பேனா அங்கேயே கட்டி வைத்திருக்கிறது.