கருப்பையும் பெருச்சாளியும்: எலிவேட்டையில் வாழ்ந்த சொற்கள்

சிறுவர் எலிவேட்டைக்கு நிற்கும் காட்சி புறநானூற்றின் 324-ஆம் பாடலில் வருகிறது. பாடியவர் ஆலத்தூர் கிழார். வேட்டுவரின் பிள்ளைகள் வளாரை வளைத்து வில்லாக்கி, மெல்லிய கோலில் உடைமரத்து முள்ளைச் செருகி அம்பாக்கி, பருத்தி வேலியோரம் எலியை எதிர்நோக்கி நிற்கின்றனர். பெரியவர் எவரும் அங்கில்லை. ஆயினும் எம்முள் அம்புக்கு ஆகும், எலி எவ்வழியே வரும் என்பவற்றைச் சொல்லித்தந்த ஒருவர் அவர்களுக்குப் பின்னே இருந்திருப்பார். பெரும்பாலும் அவர் ஒரு பாட்டனாராகவே இருந்திருப்பார் என்பது என் கருத்து.

அப்பாடலில் எலிக்கு வழங்கும் பெயர் ‘கருப்பை’. இன்று வகுப்பறையில் இச்சொல்லைச் சொன்னால் மாணவர் உயிரியல் பாடத்தையே நினைப்பர். எலி வாழும் இடத்துக்கும் பழந்தமிழில் தனிச்சொல் உண்டு. சோழன் நல்லுருத்திரன் 190-ஆம் பாடலில், முற்றிய கதிரைக் கொணர்ந்து ‘அளை’யில் நிறைக்கும் எலிக்குக் கஞ்சரை ஒப்பிடுகிறான். அளைக்குள் கதிர் குவிந்திருப்பது மேலிருந்து பார்ப்பவர் கண்ணுக்குத் தெரியாது. மண்ணை வெட்டித் திறந்தவரே அறிந்த செய்தி அது. வேட்டையாடியவரின் அறிவு அரசனின் உவமைக்குள் புகுந்திருக்கிறது.

அளை, வளை, வங்கு, பொந்து, புற்று ஆகியவற்றை ஒரே பொருட்சொற்களாக மனப்பாடம் செய்விக்கிறோம். மரத்திலிருப்பது பொந்து, கறையான் எழுப்புவது புற்று, எலியும் நண்டும் தோண்டுவது வளை. இவ்வேறுபாடு வயலில் நின்றால் ஒரு காலையில் விளங்கும்.

காவிரிப் படுகையில் மாலையில் வைத்து விடியலில் எடுக்கும் மூங்கில் வில்பொறிக்குக் ‘கிட்டி’ என்று பெயர். இதே சொல், வரி கட்டாத குடியானவரின் விரல்களை நெரித்த கருவிக்கும் வழங்கியது. சென்னை மாகாணத்துச் சித்திரவதை விசாரணைக் குழுவின் 1855-ஆம் ஆண்டு அறிக்கையில் அக்கருவி இடம்பெற்றிருக்கிறது. எலியை நெரித்ததும் உழவனை நெரித்ததும் ஒரே சொல்.

எலிவேட்டை இன்றுவரை குடும்பத் தொழிலாய் நீடித்திருப்பது செங்கல்பட்டு, திருவள்ளூர்ப் பகுதி இருளரிடம். முதியவரும் பெண்டிரும் சிறுவரும் சேர்ந்தே வரப்புக்குச் செல்வர். புதிதாகத் தள்ளிய மண் எது, காய்ந்த மண் எது என்று முதலில் பார்ப்பர். தப்பும் வழிகளை அடைப்பர். வைக்கோல் திணித்துப் பற்றவைத்த மண்பானையின் வாயை வளையோடு பொருத்தி, பானையின் அடித்துளையில் வாய்வைத்து ஊதிப் புகையேற்றுவர். பிறகு தோண்டி, கையாலேயே பிடிப்பர். வளையிலிருந்து மீட்கும் நெல்லும் அவர்களுடைய உணவாகும். உள்ளே எலிக்குப் பதிலாகப் பாம்பு இருக்கலாம். அதனால் பேரன் முதலில் கற்பது கையை எப்போது நீட்டக்கூடாது என்பதையே.

இதை அழகுபடுத்திப் பேச எனக்கு விருப்பமில்லை. புகை நுரையீரலைக் கெடுத்தது. பானையின் சூடு உதட்டையும் கையையும் சுட்டது. பிள்ளைகளின் பள்ளிநாட்கள் வயலில் கழிந்தன. 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தையடுத்துப் பாம்புத்தோல் வாணிகம் நின்றபின், எலியை நம்பி வாழும் நெருக்கடி மிகுந்தது. 1978-இல் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் தோன்றி, நஞ்செடுக்கும் தொழிலைச் சிலருக்கு அளித்தது. வாயால் ஊதாமல் கையால் சுழற்றிப் புகையேற்றும் எஃகுக் கருவிக்கான திட்டம் 2003-இல் உலக வங்கியின் பரிசைப் பெற்றது. நல்ல மாற்றம்தான்.

இனி நம் பினாங்குக்கு வருவோம். தென்னாசிய வயல்களுக்குரிய சிறுவகைப் பெருச்சாளி ஒன்று இத்தீவிலும் வாழ்கிறது. அது இம்மண்ணுக்கு உரியதன்று, மனிதரால் வந்தது என்பர் விலங்கியலார். தானியம் ஏற்றிய கப்பல்களில் வந்திருக்கும் என்று கொள்வதே பொருத்தம். அவ்வினத்தை ஆங்கிலேயர் அழைக்கும் ‘பேண்டிகூட்’ என்ற பெயரோ தெலுங்கின் ‘பந்திகொக்கு’ என்பதன் திரிபு: பந்தி என்பது பன்றி, கொக்கு என்பது எலி. நம் வெண்கொக்கை இதனோடு குழப்ப வேண்டாம். அச்சொல் ஆஸ்திரேலியா வரை சென்று, எலியினமே அல்லாத, வயிற்றுப்பையுடைய வேறொரு விலங்குக்கும் பெயராயிற்று.

எலி வந்தது, தெலுங்குச் சொல் உலகைச் சுற்றியது. நம் வேட்டைச் சொற்கள் என்னவாயின? 19-ஆம் நூற்றாண்டில் செபராங் பிறையின் கரும்புத் தோட்டங்களுக்கு வந்த தமிழர் அவற்றையும் கொண்டே வந்திருப்பர். என் இளமையில் தோட்டத்து முதியவர்கள் ‘வங்கு’ என்று சொல்லக் கேட்டிருக்கிறேன். பின்னர் எலிமருந்து வந்தது; அதை வைப்பதற்குப் பேரனும் வேண்டியதில்லை, சொல்லும் வேண்டியதில்லை.

நஞ்சுக்கு மாற்றாக, செம்பனைத் தோட்டங்களிலும் நெல்வயல்களிலும் கம்பத்தின்மேல் பெட்டி வைத்துக் கூகையைக் குடியமர்த்தும் முறை மலேசியாவில் பரவியிருக்கிறது. மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தார் இதைப் பினாங்கிலேயே ஆராய்ந்துள்ளனர். நற்றிணையின் 83-ஆம் பாடலில், இரவில் குழறி அச்சுறுத்தாதே என்று கூகையை வேண்டும் தோழி, அதற்கு எலியின் சூட்டிறைச்சியைத் தருவதாகச் சொல்கிறாள். கூகையின் உணவு எது என்பதை அவளும் அறிந்திருந்தாள்.

சென்ற அறுவடைக்குப் பின் பாலிக் புலாவ் வயல்வெளிக்கு என் பேரனை அழைத்துச் சென்றேன். ஆறாம் வகுப்பில் படிப்பவன். வரப்பில் இருந்த துளையை “ஓட்டை, தாத்தா” என்றான். வளை என்றேன். குனிந்து பார்த்து, “வாசல்ல இருக்கிற மண்ணு ஈரமா இருக்கு. அப்படின்னா உள்ளே ஆள் இருக்கா?” என்று கேட்டான்.