நிலக்கரி எழுப்பிய மாளிகை

கனடா நாட்டின் மேற்குக் கரையை அடுத்துப் பசிபிக் சமுத்திரத்திலே கிடப்பது வன்கூவர் தீவு. அத்தீவின் தென்முனையில் அமைந்த நகருக்கு விக்டோரியா மகாராணியின் பெயரையே சூட்டியிருக்கின்றனர். அந்நகரின் மேட்டுநிலம் ஒன்றில், செங்குத்தான கூரைகளும் உயர்ந்த புகைபோக்கிகளும் கோபுரமும் விளங்க நிற்கிறது கிறெய்க்டறொக் மாளிகை. ஓக் மரங்கள் செறிந்த பாறைநிலம் என்பது கெயிலிக் மொழியில் அப்பெயரின் பொருள். ஊரார் அதனைக் கோட்டை என்பர். ஆயினும் பகைவரை எதிர்த்து எழுந்த கோட்டையன்று அது. பணம் படைத்த ஒருவர் தம் குடும்பத்துக்கெனக் கட்டுவித்த வீடு. இன்று அது நகரத்தின் பழமையைக் கூறும் நூதனசாலை.

கட்டுவித்தவர் ரொபேட் டன்ஸ்மியூர். ஸ்கொத்லாந்திலே 1825இல் பிறந்து, 1851இல் நிலக்கரித் தொழிலாளியாக இத்தீவுக்கு வந்தவர். உடன்வர மனமின்றியிருந்த மனைவி யோனுக்கு, "ஒரு நாள் உனக்கு மாளிகை கட்டித் தருவேன்" என்று அவர் வாக்களித்தார் என்றொரு கதை வழங்குகிறது. உண்மையோ அன்றோ, 1869இல் வெலிங்டன் என்னுமிடத்தில் அவர் கண்ட நிலக்கரிப் படை அவரை அம்மாகாணத்தின் பெருஞ்செல்வராக்கியது. மாளிகை வேலை 1887இல் தொடங்கியது.

உள்ளே நுழைபவரை முதலில் எதிர்கொள்வது ஓக் மரத்தாலான கூடமும் படிக்கட்டும். சிக்காகோ நகரிலே செய்து முடித்து, பகுதி பகுதியாகக் கொணர்ந்து பொருத்திய வேலைப்பாடு அது. வர்ணக் கண்ணாடிச் சாளரங்களினூடே வெயில் படும்போது அம்மரம் தேன்நிறம் கொள்ளும். அறைகள் 39. கீழிருந்து கோபுரம் வரை 87 படிகள். உச்சித் தளத்திலே நடன மண்டபம் இருக்கிறது. கோபுரத்திலே நின்றால் நகரமும் கடலும் அப்பாலுள்ள ஒலிம்பிக் மலைத்தொடரும் கண்ணுக்குப் புலனாகும்.

வெலிங்டன் மட்டும் தெரியாது. அது வடக்கே நெடுந்தொலைவிலுள்ளது. 1877இல் கூலிக் குறைப்பை எதிர்த்து அங்கு வேலைநிறுத்தம் செய்தோரைக் கம்பனி வீடுகளிலிருந்து வெளியேற்றப் படை வரவழைக்கப்பட்டது. சீனத் தொழிலாளருக்கு வெள்ளையர் பெற்ற கூலியில் ஏறத்தாழப் பாதியே கிடைத்தது. மாளிகைச் சுவர்கள் உயர்ந்துகொண்டிருந்த 1888 சனவரியில் வெலிங்டன் சுரங்கமொன்று வெடித்து எழுபதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். அதற்கு முந்திய ஆண்டு, அண்மையிலுள்ள நனைமோவில் வேறொரு கம்பனியின் சுரங்கத்தில் ஏறத்தாழ 150 பேர் இறந்தபோது, சீனர் பலரை அரசாங்க அறிக்கை பெயராற் குறிக்கவில்லை. ஓக் மரப் படிகளின் விலையைக் கணக்கிடுவோர் இந்தப் பக்கத்தையும் புரட்டியே ஆகவேண்டும்.

வீட்டுக்குரியவரோ அதில் ஒரு நாளும் குடியிருக்கவில்லை. வேலை முடியுமுன்னரே, 1889 ஏப்ரிலில், டன்ஸ்மியூர் காலமானார். மறுவருடம் குடிபுகுந்தவர் விதவை யோன். உடன் மணமாகாத புதல்வியர் மூவரும் பெற்றோரை இழந்த பேரப்பிள்ளைகள் இருவரும். சுரங்கத் தொழில் தமக்கு வருமென்றிருந்தனர் ஆண்மக்கள் இருவர். தந்தையின் மரணசாசனமோ அனைத்தையும் தாய்க்கே அளித்தது. உரிமைக்காக அவர்கள் தாயுடன் பல்லாண்டு வாதிட நேர்ந்தது. இளையவர் அலெக்சாண்டர் 1900இல் இறந்தபின், அவர் விட்ட சொத்தைப் பற்றிய வழக்கிலே தாய் மூத்த மகனுக்கு எதிராக நின்றார். அம்மகன் ஜேம்ஸ், 1900 முதல் 1902 வரை மாகாண முதலமைச்சர்! ஒரே நகரில் வாழ்ந்தும் இருவருக்கும் பேச்சில்லை. யோன் 1908இல் இறந்தார்.

அதன்பின் நடந்தது நாடகம் போன்றது. வீட்டுப் பொருள்கள் ஏலத்திற் போயின. 38,000 டொலருக்கு நிலத்தையும் வீட்டையும் வாங்கிய வியாபாரி, 28 ஏக்கர் வளவைத் துண்டு துண்டாக விற்கத் தொடங்கினார். விற்பனை மந்தமாகவே, துண்டு வாங்குவோரிடையே சீட்டுக் குலுக்கி ஒருவருக்கு மாளிகையையே பரிசாகக் கொடுப்பதாக அறிவித்தார். பரிசு பெற்றவர் சொலமன் கமெறொன். கிடைத்த மாளிகையை ஈடுவைத்து அவர் வேறு முயற்சிகளில் இறங்கினார், அவை தோற்றன. 1919இல் வீடு வங்கியின் கைக்குப் போயிற்று.

முதலில் போரிற் காயமுற்ற வீரருக்கு வைத்தியசாலையாயிற்று. 1921 முதல் 1946 வரை விக்டோரியாக் கல்லூரி அங்கே நடந்தது; 1963இல் விக்டோரியாப் பல்கலைக்கழகமாக மலர்ந்தது அக்கல்லூரியே. ஒரு குடும்பத்துக்கு அமைந்த கூடங்களில் நூற்றுக்கணக்கானோர் நெருங்கிப் பயின்றனர். பின்னர் 1968 வரை பாடசாலைச் சபையின் அலுவலகம். 1969 முதல் பத்தாண்டு இசைக் கல்லூரி. ஊரார் எத்தனையோ பேர் அம்மாளிகையைத் தம் பள்ளிக்கூடமாகவும் பணிமனையாகவும் அறிந்தது இவ்வாறே.

இடிபடாமற் காக்க வேண்டுமென்று 1959இல் ஒரு சங்கம் தோன்றியது. 1979 முதல் கட்டடம் முழுவதும் நூதனசாலையாகவே நடைபெறுகிறது. அலுவலகப் பூச்சின் கீழ் மறைந்த பழைய வேலைப்பாட்டை மீட்கும் பணி அறை அறையாகத் தொடர்ந்திருக்கிறது. ஏலத்திற் சிதறிய தளபாடங்களுள்ளும் சில, தேடித் தேடிப் பெறப்பட்டு, வீடு வந்து சேர்ந்துள்ளன.