தோட்டத்துக் கடையில் மது விற்க என்ன லைசென்ஸ் வேணும்?

கேமரன் மலையில் தேயிலைத் தோட்டத்தை ஒட்டி ஒரு கடை. சிகரெட், சுருட்டு விற்கிறார்கள். விஸ்கி, பிராந்தியும் வைக்கலாமா?

மாவட்ட மன்றம் தரும் கடை லைசென்ஸ் மட்டும் பத்தாது. மதுவுக்கு 1976 கலால் சட்டப்படி உரிம வாரியத்திடம் தனி லைசென்ஸ் எடுக்கணும்.

வயது வரம்பும் வேறு. புகையிலைப் பொருள் வாங்க 18. மது வாங்க, 2017 டிசம்பர் 1 முதல், 21. வயது குறைந்தவருக்கு விற்றால் மாட்டுவது கடைக்காரர்தான். அதனால் ஐ.சி.யைக் கேட்டுப் பார்ப்பது நல்லது.

தோட்டத் தமிழர்களுக்கு இந்த லைசென்ஸ் பேச்சு புதுசல்ல. பிரிட்டிஷ் காலத்தில் தோட்டங்களிலேயே லைசென்ஸ் பெற்ற கள்ளுக்கடைகள் இருந்தன. 1941-இல் கிள்ளான் ரப்பர் தோட்டத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது, சம்பள உயர்வோடு கள்ளுக்கடைகளை மூடவும் கேட்டார்கள். சட்டப்படி நடந்த கடைகள்தான். ஆனாலும் வேண்டாம் என்றார்கள்.