பி.ஸ்டாட்

கொல்கத்தாவின் பாரக்பூர் டிரங்க் சாலையில் இருக்கும் இந்தியப் புள்ளியியல் நிறுவனம் நடத்தும் மூன்றாண்டு இளநிலைப் பட்டப்படிப்பு, பி.ஸ்டாட் ஆனர்ஸ். 1960-இல் தொடங்கியது. கணிதத்தையும் புள்ளியியலையும் முதல் பருவத்திலிருந்தே பிணைத்துக் கற்பிக்கும் இந்தப் படிப்பின் வேர், பாடநூல்களைவிட வங்காளத்துச் சணல் வயல்களில்தான் ஆழமாக ஓடுகிறது.

நிறுவனர் பிரசாந்த சந்திர மகலனோபிஸ் படித்தது இயற்பியல். 1915-இல் கேம்பிரிட்ஜிலிருந்து ஊர் திரும்பவிருந்த நேரத்தில், கிங்ஸ் கல்லூரி ஆசிரியர் மெக்காலே அவருக்கு ‘பயோமெட்ரிகா’ என்ற புள்ளியியல் இதழைக் காட்டினார். மகலனோபிஸ் அதன் தொகுதிகளை வாங்கிக்கொண்டு கப்பலிலேயே படித்தபடி வந்தார். கல்கத்தா பிரெசிடென்சி கல்லூரியில் இயற்பியல் கற்பித்துக்கொண்டே அங்கேயே ஒரு புள்ளியியல் ஆய்வகத்தை நடத்தினார். அதுவே 1931 டிசம்பர் 17 அன்று கூடிய கூட்டத்துக்குப்பின் நிறுவனமாக வளர்ந்தது. 1933-இல் ‘சங்க்யா’ என்ற ஆய்விதழும் பிறந்தது.

1937-இல் சணல் சாகுபடிப் பரப்பைக் கணக்கிடும் பணி நிறுவனத்துக்கு வந்தது. ஒவ்வொரு வயலையும் அளப்பதற்குப் பதிலாக, மாதிரி வயல்களை மட்டும் தேர்ந்தெடுத்து அளந்தார்கள். அளப்பவர் செய்யும் பிழையை எப்படிக் கண்டுபிடிப்பது? ஒரே பகுதிக்கு இரண்டு தனித்தனி மாதிரிகளை எடுத்து, வெவ்வேறு குழுக்களிடம் கொடுத்து, கிடைத்த முடிவுகளை ஒப்பிட்டுப் பார்ப்பது மகலனோபிஸின் வழி. எளிமையான யோசனைதான், ஆனால் கள ஆய்வின் நேர்மையையே சோதிக்கும் கருவி அது.

இத்தகைய பணிக்கு ஆள் தேவைப்பட்டதால் பயிற்சி வகுப்புகள் தொடங்கின. 1941-இல் கல்கத்தாப் பல்கலைக்கழகம் புள்ளியியலில் முதுநிலைப் படிப்பைத் தொடங்கியது; அதன் முதல் மாணவர்களில் ஒருவர் சி.ஆர். ராவ். 1944-இல் அதே பல்கலைக்கழகத்தில் ராவ் பாடம் நடத்திக்கொண்டிருந்தபோது, மதிப்பீட்டின் துல்லியம் பற்றிப் புள்ளியியலறிஞர் ஃபிஷர் பெரிய மாதிரிகளுக்குச் சொன்ன முடிவு சிறிய மாதிரிகளுக்கும் பொருந்துமா என்று ஒரு மாணவர் கேட்டார். அன்றிரவே ராவ் விடையை நிறுவிவிட்டார். 1945-இல் கல்கத்தா கணிதக் கழக இதழில் அது வெளியானது. இன்று உலகெங்கும் புள்ளியியல் மாணவர்கள் படிக்கும் கிராமர்-ராவ் எல்லை அதுதான். வகுப்பறைக் கேள்விக்கு மதிப்புக் கொடுக்கும் ஆசிரியர் கிடைத்தால் என்ன விளையும் என்பதற்கு இதைவிட நல்ல சான்று வேண்டியதில்லை.

இத்தனைக்கும் நிறுவனத்துக்குச் சொந்தமாகப் பட்டம் வழங்கும் உரிமை அப்போது இருக்கவில்லை. 1959-இல் நாடாளுமன்றம் இயற்றிய சட்டம் அந்த உரிமையைக் கொடுத்தது. தேசிய முக்கியத்துவம் வாய்ந்த நிறுவனம் என்ற தகுதியும் சேர்ந்தது. மறு ஆண்டே பி.ஸ்டாட் வகுப்புகளும், முதுநிலைப் படிப்பான எம்.ஸ்டாட் வகுப்புகளும் தொடங்கின. 1957-இல் இங்கிலாந்திலிருந்து வந்து சேர்ந்திருந்த உயிரியலறிஞர் ஜே.பி.எஸ். ஹால்டேனுக்கும் பாடத்திட்டத்தில் பங்குண்டு. எண்களை மட்டும் அறிந்தவர் எதை அளக்கிறோம் என்பதை அறியமாட்டார் என்ற எண்ணத்தில் இயற்கை அறிவியல் பாடங்களும் சேர்க்கப்பட்டன. சரியான முடிவு அது.

இளநிலையில் புள்ளியியல் கற்பிக்கும் வழக்கம் அதற்கு முன்பே சென்னையில் இருந்தது. மாநிலக் கல்லூரியில் 1959-இல் புள்ளியியல் ஆனர்ஸ் முடித்த எஸ்.ஆர்.எஸ். வரதன், அதே ஆண்டு இந்த நிறுவனத்தில் ஆய்வு செய்யக் கல்கத்தா சென்றார். தொழிற்சாலைகளின் தரக்கட்டுப்பாட்டில் வேலை செய்யும் எண்ணத்தில் போனவரை, அங்கிருந்த பார்த்தசாரதி, ரங்கா ராவ், வரதராஜன் ஆகியோரின் நட்பு நிகழ்தகவுக் கோட்பாட்டின் பக்கம் இழுத்தது. 1962-இல் ரஷ்யாவிலிருந்து வந்த கணிதமேதை கோல்மோகோரோவ் முன்னிலையில் தன் ஆய்வை எடுத்துரைத்தார். 2007-இல் கணிதத்துக்கான ஆபெல் பரிசு பெற்றார். நடைமுறைக் கணக்குக்காக எழுந்த நிறுவனம் தூய கணிதத்துக்கும் வீடானது இந்தத் தலைமுறையால்தான்.

இன்றைய பி.ஸ்டாட் ஆறு பருவங்கள் கொண்டது. பகுப்பாய்வு, அணிகள், நிகழ்தகவு, கணினி நிரலாக்கம் ஆகியவற்றோடு மாதிரிக் கணிப்பு, சோதனை வடிவமைப்பு, அனுமானக் கோட்பாடு ஆகியவையும் வருகின்றன. பொருளாதாரம், உயிரியல் போன்றவை துணைப்பாடங்கள். சேர்க்கைக்கு எழுத்துத் தேர்வு உண்டு. அதில் சரியான விடையைக் குறிப்பதோடு விடமாட்டார்கள். விரிவாக நிறுவிக் காட்டும் வினாக்களும் இருக்கும். பயிற்சி மையத்துச் சூத்திரங்களை மட்டும் நம்பி வருபவர்கள் பெரும்பாலும் திணறுவது இங்கேதான். கல்விக் கட்டணம் இல்லை; மாதந்தோறும் உதவித்தொகையும் உண்டு. வசதியில்லாத வீட்டுப் பிள்ளைகளுக்கு இது எத்தனை பெரிய கதவு என்பது தமிழகப் பள்ளிகளில் இன்னும் போதிய அளவு பேசப்படவில்லை.

1995-இல் சட்டம் திருத்தப்பட்டு, கணிதம், கணினி அறிவியல் போன்ற துறைகளிலும் பட்டம் வழங்க நிறுவனத்துக்கு வழி பிறந்தது. அதன் பயனாகப் பெங்களூர் மையத்தில் பி.மேத் ஆனர்ஸ் படிப்பு தொடங்கியது. 2024-இல் புள்ளியியல் தரவு அறிவியலுக்கென நான்காண்டு இளநிலைப் படிப்பு ஒன்றும் கொல்கத்தா, டெல்லி, பெங்களூர் மையங்களில் வந்திருக்கிறது.